வாசகர் கேள்வி-பதில்: பிர்னோவில் ஒரு கண்ணாடி வீடு

போன இதழ்ல உலகப் பாரம்பரியக் கட்டடங்கள் பக்கத்துல செக் நாட்டு பிர்னோ நகரத்துல இருக்கற டுகெண்ட்ஹாட் வில்லா படம் ஒண்ணு போட்டிருந்தோம். அந்த ஒரு படத்துக்கு வந்த கேள்விங்க மத்ததை எல்லாம் ஓரங்கட்டிடுச்சு. அதனால இந்த இதழ் பூரா அந்த வீடுதான்.

கேள்வி: நெட்டுல தேடினேன் சார், ரோட்டுல இருந்து எடுத்த போட்டோல வெறும் வெள்ளை சுவரும் கார் ஷெட்டும்தான் தெரியுது. இதுக்கா இவ்வளவு பேச்சு? (ஆர்க்கிடெக்சர் மாணவி, திருச்சி)

வாசல் பக்கத்துல அந்த வீடு வேணும்னே அடக்கமா நிக்குது மா. அது ஒரு சரிவான மேட்டு மேல கட்டின வீடு, ரோடு மேல, தோட்டம் கீழ. நீங்க ரோட்டுல இருந்து நுழையறது மாடி, அதாவது மொத்தம் மூணு தளத்துல மேல் தளம், அங்க பெட்ரூம், குழந்தைங்க ரூம், மொட்டைமாடி, கார் ஷெட், டிரைவர் தங்கற இடம். அங்க இருந்து டிராவர்டைன் கல் படியில ஒரு சுத்து சுத்தி கீழ இறங்கினாத்தான் ஹால் வருது, அப்பதான் ஊரே கண் முன்னாடி விரியுது, தோட்டம், அதுக்குக் கீழ பழைய நகரம், தூரத்துல ஷ்பில்பெர்க் கோட்டை. அதுக்கும் கீழ ஒரு தளம் இருக்கு, மெஷின், பாய்லர், துணி துவைக்கற ரூம், போட்டோ கழுவற இருட்டறை எல்லாம் அங்க. வீட்டுக்காரர் ஃப்ரிட்ஸ் டுகெண்ட்ஹாட்டுக்கு போட்டோவும் சினிமா கேமராவும் உயிர்.

ஆர்க்கிடெக்ட் லூட்விக் மீஸ் வான் டெர் ரோஹே. கூடவே லில்லி ரைஷ், அவங்க பேரை நிறைய பேர் விட்டுடறாங்க, ஆனா உள்ளலங்காரம், துணி, கலர் இதுலெல்லாம் அவங்க கை பெரிய கை. 1928ல மீஸ் வந்து மனையைப் பாத்தார், 1929ல வேலை ஆரம்பிச்சு 1930 டிசம்பர்ல குடும்பம் குடி வந்துடுச்சு. மனை வந்து ஃப்ரிட்ஸோட மனைவி கிரேட்டாவோட அப்பா ஆல்ஃபிரட் லோவ்-பேர் பொண்ணுக்குக் கொடுத்தது, அவரோட சொந்த வீட்டுத் தோட்டத்தோட மேல் பாதி. ரெண்டு குடும்பமும் பிர்னோல துணி மில் நடத்தின யூதக் குடும்பங்க. நீங்க படிக்கற பிள்ளை, அதனால ஒண்ணு சொல்றேன், போட்டோவை விட்டுட்டு, வீட்டை மேலிருந்து கீழ வெட்டிக் காட்டற செக்‌ஷன் டிராயிங்கைத் தேடிப் பாருங்க, இந்த வீடு செக்‌ஷன்லதான் புரியும்.

கேள்வி: ஹால்ல சுவரே இல்ல, ஆனா மேல ஒரு மாடி உக்காந்திருக்கு. லோடு எதுல எறங்குது? (சைட் சூப்பர்வைசர், ஓசூர்)

உங்களுக்கு இது ஒரு நிமிஷத்துல புரியும். இரும்பு பிரேம். மெல்லிசான பில்லருங்க, ஒவ்வொண்ணும் நாலு எல்-ஆங்கிளை முதுகோட முதுகு வச்சு ரிவெட் அடிச்ச சிலுவை வடிவம், ஹாலுக்குள்ள அதுக்கு மேல பளபளன்னு குரோமியம் பூசின உறை. லோடு முழுக்க அதுல எறங்கிடுது, அதனால உள்ள இருக்கற சுவர் எதுக்கும் தாங்கற வேலையே கிடையாது.

இன்னைக்கு நம்ம ஊர்லயும் பில்லர் போட்டுத்தான் எல்லாரும் கட்டறாங்க, ஆனா பில்லர் போட்டுட்டு அதே பழைய நாலு ரூமை செங்கல்ல அடைச்சு கட்டிடறோம், பில்லர் கொடுக்கற சுதந்திரத்தை யாரும் எடுத்துக்கறதில்ல. மீஸ் எடுத்துக்கிட்டார். அவ்வளவு பெரிய ஹால்ல ரெண்டே ரெண்டு சுவர் வச்சார், ஒண்ணு நேரா நிக்கற ஓனிக்ஸ் கல் பலகை, இன்னொண்ணு சாப்பாட்டு மேஜையை அரைவட்டமா அணைச்சு நிக்கற மகாசர் கருங்காலி மரச் சுவர். உக்காந்து பேசற இடம், படிக்கற இடம், சாப்பிடற இடம்னு இந்த ரெண்டும் சும்மா சைகையிலயே பிரிச்சுக் காட்டிடும், மத்ததுக்குத் திரைச்சீலை. இதே வித்தையை 1929ல பார்சிலோனா கண்காட்சிக்காக கட்டின ஜெர்மன் மண்டபத்துலயும் பண்ணியிருந்தார், அங்கயும் சிலுவைப் பில்லர், அங்கயும் ஓனிக்ஸ். ஆனா அது கொஞ்ச மாசம் நின்ன மண்டபம், இங்க குழந்தைங்களோட ஒரு குடும்பம் இருந்து வாழணும், அதனால இதுதான் எனக்குப் பெரிசாப் படுது.

கட்டினவங்க பிர்னோ ஊர்க்காரங்களான ஐஸ்லர் சகோதரர்கள். அந்தக் காலத்துல இந்த நுணுக்கத்துக்கு வேலை எடுத்த அவங்களுக்கும் ஒரு கும்பிடு.

கேள்வி: கண்ணாடி ஜன்னல் தரைக்குள்ள எறங்கும்னு எழுதியிருந்தீங்க. நெஜமாவா? அந்தக் குளிர்ல கண்ணாடி வீட்டுல எப்படி இருந்தாங்க? (வாசகர், மதுரை)

நெஜம்தாங்க. தோட்டத்துப் பக்கம் தரையிலிருந்து சீலிங் வரைக்கும் கண்ணாடி, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். அதுல ரெண்டு கண்ணாடி கார் கதவுக் கண்ணாடி மாதிரியே முழுசா கீழ எறங்கிடும், எறக்கறது எலக்ட்ரிக் மோட்டார், மோட்டார் இருக்கறது கீழ்த் தளத்துல. எறங்கின பிறகு ஹால் அப்படியே திண்ணை ஆயிடும், உள்ளயும் வெளியும் ஒண்ணு.

குளிருக்கு என்ன பண்ணாங்கங்கறதுதான் இந்த வீட்டோட உண்மையான கெட்டிக்காரத்தனம். வெளிக் காத்தை உள்ள இழுத்து, ஃபில்டர்ல விட்டு தூசி எடுத்து, தண்ணி வச்சு ஈரப்பதம் சேத்து, சூடு பண்ணி ஹாலுக்குள்ள அனுப்பற ஒரு முழு ஏற்பாடு கீழ்த் தளத்துல இருந்துச்சு, வெயில் காலத்துல அதே ஏற்பாடு காத்தைக் குளுமையாக்கவும் பயன்பட்டுச்சு. இது 1930ல, தனி வீட்டுல, யோசிச்சுப் பாருங்க. கண்ணாடியை ஒட்டி கீழ சூட்டுக் குழாய் வேற ஓடும். கிழக்குப் பக்கம் ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல செடி வளக்கற ஒரு நீள அறை, விண்டர் கார்டன்னு சொல்வாங்க, அதுவும் குளிருக்கும் ஹாலுக்கும் நடுவுல ஒரு தடுப்பு.

கண்ணாடி வீடுன்னா வெறும் ஸ்டைல்னு நினைக்கறவங்களுக்காக இதை இவ்வளவு இழுத்துச் சொல்றேன். மேல தெரியற அந்த நிம்மதி முழுக்க கீழ ஓடுற மெஷினோட உழைப்பு. இப்ப நம்ம ஊர்ல மேற்குப் பாத்து முழுக் கண்ணாடி வச்சு ஆபீஸ் கட்டி, அப்புறம் உள்ள பிளைண்ட்ஸ் போட்டு மூடி, ஏசியை 18ல வைக்கறாங்களே, அவங்க மீஸோட முகப்பை மட்டும் எடுத்துக்கிட்டாங்க, அவர் போட்ட கணக்கை எடுத்துக்கல.

கேள்வி: ஓனிக்ஸ் சுவர் வெளிச்சம் விடும்ங்கறாங்களே, உள்ள லைட் வச்சிருக்கா? (வாசகி, புதுச்சேரி)

லைட் எதுவும் இல்லங்க. வட ஆப்பிரிக்காவுல இருந்து வந்த கல், தேன் கலர், அதுல வெள்ளைக் கோடு. ஒளி கொஞ்சம் ஊடுருவற கல் அது. குளிர்காலத்துல சூரியன் தாழ வர்றப்ப, அந்தி வெயில் ஒரு பக்கம் நேரா பட்டா மறுபக்கம் செவந்து மின்னும். ஆடம்பரம்னு அப்பவே திட்டினாங்க, ஆடம்பரம்தான், அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா செதுக்கின சிற்பமோ பூ வேலையோ ஒண்ணு கூட இல்லாம, கல்லு தன்னோட சொந்த அழகுல மட்டும் நிக்கணும்னு ஒரு ஆர்க்கிடெக்ட் விட்டுட்டாரு பாருங்க, அது எனக்குப் பெரிய விஷயம்.

கேள்வி: ஆணி அடிக்க ஒரு சுவர் இல்ல, சாமி படம் மாட்ட இடமில்ல, புள்ளைங்க ஓடினா கண்ணாடி. இதுல மனுஷங்க குடியிருக்க முடியுமா தம்பி? (74 வயது வாசகி, கும்பகோணம்)

அம்மா, நீங்க கேட்ட இதே கேள்வியை 1931ல ஒரு ஜெர்மன் டிசைன் பத்திரிகை தலைப்பாவே போட்டுக் கேட்டுச்சு, டுகெண்ட்ஹாட் வீட்டுல குடியிருக்க முடியுமான்னு. இது வாழற வீடா, காட்சிக்கு வச்ச வீடா, ஒரு படம் கூட மாட்ட முடியாதேன்னு விமர்சகர் எழுதினார். அதுக்குப் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தனித்தனியா அந்தப் பத்திரிகைக்கே பதில் எழுதினாங்க. கிரேட்டா சொன்னதோட சாரம் என்னன்னா, அந்த இடத்துக்கு ஒரு கண்டிப்பும் பெருமையும் உண்டு, ஆனா அது எங்களை அழுத்தல, விடுதலைதான் கொடுக்குது. வெறும் இடமா இருக்கறதால ஒவ்வொரு பூவும் ஒவ்வொரு பொருளும் மனுஷங்களும் எடுப்பாத் தெரியறாங்கன்னும் சொன்னாங்க.

குடியிருந்தவங்க சொன்னதைத்தான் நான் நம்புவேன். அந்த வீட்டுல குழந்தைங்க வளந்தாங்க, மொட்டைமாடியில மணல்ல விளையாடினாங்க. அதுல ஒரு பையன் எர்ன்ஸ்ட் டுகெண்ட்ஹாட், பின்னாடி ஜெர்மன் உலகத்துல பெரிய தத்துவப் பேராசிரியரா ஆனவர், 2023ல காலமானார். உங்க சாமி படத்துக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லம்மா, மீஸ் ஒரு சின்ன மாடம் கூட விடல.

கேள்வி: அந்தக் குடும்பம் இப்ப எங்க? வீடு ஏன் அவங்ககிட்ட இல்ல? (வாசகர், யாழ்ப்பாணம்)

எட்டு வருஷம்தாங்க இருந்தாங்க. 1938ல ஹிட்லர் நெருங்கி வர்றது தெரிஞ்சு குடும்பம் கிளம்பி ஸ்விட்சர்லாந்து போச்சு, 1941ல அங்க இருந்து வெனிசுலா. கொஞ்சம் மேஜை நாற்காலி மட்டும் கூட எடுத்துட்டுப் போக முடிஞ்சுது. தப்பிச்சுப் போக முடியாம சொந்தத்துல பல பேர் கொல்லப்பட்டாங்க. மனை கொடுத்த அப்பா ஆல்ஃபிரட் 1939ல தப்பிச்சு ஓடற வழியிலயே செத்துப்போனார்.

1939 அக்டோபர்ல நாஜிகளோட ரகசிய போலீஸ் கெஸ்டப்போ வீட்டைப் பறிச்சுது. 1945ல சோவியத் செஞ்சேனை வந்தப்ப குதிரைங்களை உள்ள கட்டினாங்க. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் டான்ஸ் ஸ்கூல். 1950க்கு அப்புறம் பல வருஷம் அது முதுகெலும்பு கோணலான குழந்தைங்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கற இடமா இருந்துச்சு, ஓனிக்ஸ் சுவருக்கு முன்னாடி பிள்ளைங்க வரிசையா எக்சர்சைஸ் பண்ற பழைய போட்டோ இருக்கு, எனக்கு அந்த வீட்டுப் படங்கள்லயே ரொம்பப் பிடிச்சது அதுதான், அந்த இடம் அவ்வளவு வெளிச்சமும் காத்தும் இருந்ததால அந்த வேலைக்கும் பொருந்திப் போச்சு.

ஃப்ரிட்ஸ் 1958ல இறந்துட்டார். கிரேட்டா 1960கள்ல திரும்பி வந்து பாத்தாங்க, 1969 ஜனவரியில பிர்னோலயே மேடையேறி இந்த வீடு எப்படி உருவாச்சுன்னு பேசினாங்க. மறு வருஷம் அவங்களும் போயிட்டாங்க. வீட்டை இழந்தவங்க, அந்த வீட்டைக் காப்பாத்தணும்னு அந்த ஊருக்கே வந்து பேசறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும். 1980ல இருந்து வீடு பிர்னோ நகராட்சி கையில, 1994ல இருந்து நகர மியூசியம் பொதுமக்களுக்குத் திறந்து வச்சிருக்கு.

கேள்வி: யுனெஸ்கோ பட்டியல்ல இருந்தா யாரும் கை வைக்க முடியாதுன்னு அர்த்தமா? (சட்ட மாணவர், சேலம்)

இது நிறைய பேருக்கு இருக்கற குழப்பம். யுனெஸ்கோ போலீஸ் அனுப்பாது. அது ஒரு நாடு உலகத்துக்குக் கொடுக்கற வாக்குறுதி, அதைக் காப்பாத்தற பல்லு உள்ளூர் சட்டத்துக்குத்தான். இந்த வீட்டுக்கு முதல்ல வந்தது உள்ளூர் சட்டம்: 1963ல கலாச்சாரச் சின்னமா பதிவாச்சு, 1995ல தேசியக் கலாச்சாரச் சின்னம், அது அரசாங்கமே அறிவிக்கற உச்சபட்ச தகுதி. அப்புறம் 2001ல யுனெஸ்கோ. செக் நாட்டுல இப்ப நடைமுறையில இருக்கற 1987ம் வருஷ பாரம்பரியச் சட்டப்படி சொந்தக்காரர்தான் பராமரிக்கணும், ரிப்பேர்னு கை வைக்கறதுக்கு முன்னாடி பாரம்பரியத் துறை கருத்தை வாங்கணும், அந்தக் கருத்தை மீற முடியாது.

ஆனா தேதியைப் பாருங்க. 1963ல பதிவாகியும் ஒழுங்கான ரிப்பேர் தொடங்கினது 1981ல. நடுவுல ஃப்ரான்டிஷெக் கலிவோடாங்கற பிர்னோ ஆர்க்கிடெக்ட் இந்த வீட்டை மீட்கணும்னு கிரேட்டாவோட கடிதத் தொடர்புல இருந்து விடாம தள்ளிக்கிட்டே இருந்தார், 1971ல அவர் இறந்ததும் பல வருஷம் ஒண்ணும் நகரல. சட்டம் வீட்டை இடிக்காம தடுக்கும், கூரை ஒழுகாம தடுக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்.

கேள்வி: கண்ணாடி புதுசு, ஃபர்னிச்சர் புதுசு, பூச்சு புதுசு. அப்ப இது பழைய வீடா, பழைய மாதிரி கட்டின செட்டா? (வாசகர், கோவை)

இந்த இதழ்லயே முக்கியமான கேள்வி இதுதான், கோவைக்காரருக்கு நன்றி. இதுக்கு நீளமாவே பதில் சொல்றேன்.

இந்த வீட்டுல ரெண்டு பெரிய ரிப்பேர் நடந்துச்சு. முதல்ல 1981-85, ஆர்க்கிடெக்ட் கமில் ஃபூக்ஸ். அப்ப அங்க கம்யூனிஸ்ட் ஆட்சி, பொருள் தட்டுப்பாடு, அவ்வளவு பெரிய ஒத்தைக் கண்ணாடி கிடைக்கவே இல்ல, ரெண்டு துண்டை ஒட்டி வச்சாங்க, நடுவுல கோடு தெரியும். குளியலறை சாமான், டைல்ஸ்னு பல அசல் பொருளையும் கழட்டிட்டாங்க. இதுக்காக அவரை இன்னைக்கும் திட்டறவங்க உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. தண்ணி ஒழுகி இரும்பு துருப்பிடிக்க ஆரம்பிச்ச வீட்டை அந்த ரிப்பேர்தான் நிக்க வச்சது, அது இல்லாட்டி ரெண்டாவது ரிப்பேர் பண்ண வீடே இருந்திருக்காது.

ரெண்டாவது 2010-12. இதுதான் பாடமா படிக்க வேண்டியது. வேலையைத் தொடங்கறதுக்கு பல வருஷம் முன்னாடியே சில நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களும் பாதுகாப்பு நிபுணர்களும் வந்து சுவரை மெதுவா, அடுக்கு அடுக்கா சுரண்டி ஆராய்ச்சி பண்ணாங்க. அதுல என்ன தெரிஞ்சுதுன்னா, நாம எல்லாரும் கருப்பு-வெள்ளைப் போட்டோவைப் பாத்து தும்பைப்பூ வெள்ளைன்னு நினைச்சுக்கிட்டிருந்த வெளிச்சுவர் உண்மையில லேசா மஞ்சள் கலந்த வெள்ளை, அந்த நிறம் உள்ளூர் மணல்ல இருந்து வந்தது. சுவரைத் தொட்டா அந்த மணல் தெரியணும்னுதான் அசல் வேலை. மேல மேல பெயிண்ட் அடிச்சதுல அது மறைஞ்சு போயிருந்துச்சு. மேற்பார்வைக்கு ஒரு சர்வதேச நிபுணர் குழு, அதுக்குத் தலைவர் ஈவோ ஹாமர், சுவர்ப் பூச்சு பாதுகாப்புல பெரிய ஆள், டுகெண்ட்ஹாட் தம்பதியோட மகள் டானியேலாவோட கணவர். டானியேலாவே ஒரு கலை வரலாற்றாளர், வெனிசுலாவுல பிறந்தவங்க.

அந்த ரிப்பேர்ல ஒட்டுக் கண்ணாடியை எடுத்துட்டு மறுபடி ஒத்தைக் கண்ணாடி வச்சாங்க. எறங்கற மெஷின் மறுபடி ஓடுது. கீழ்த் தளத்து காத்து ஏற்பாட்டையும் சரி பண்ணாங்க. ஃபர்னிச்சர் பெரும்பாலும் நகல்தான், அதை அவங்களும் மறைக்கல.

அப்ப உங்க கேள்விக்கு என் பதில்: இரும்பு பிரேம் அசல், ஓனிக்ஸ் அசல், டிராவர்டைன் படி அசல், அறைகளோட கணக்கும் வெளிச்சமும் அசல். நாற்காலி நகலா இருக்கறதுல எனக்கு வருத்தம் இல்ல, ஏன்னா மீஸும் லில்லி ரைஷும் இந்த வீட்டுக்காக போட்ட பிர்னோ நாற்காலி, டுகெண்ட்ஹாட் நாற்காலி ரெண்டையும் இன்னைக்கும் தயாரிக்கறாங்க. எனக்கு வருத்தம் குளியலறை டைல்ஸ்லதான். அசலைக் கழட்டிப் போட்டுட்டு அதே மாதிரி புதுசு செஞ்சு ஒட்டறது எங்க நடந்தாலும் நஷ்டம், பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருந்தாலும். நம்ம பழைய வீடுங்கள்ல ஆத்தங்குடித் தளத்தையும் சுண்ணாம்புப் பூச்சையும் பேத்து எடுக்கறவங்க இதை ஒரு தடவை யோசிக்கணும்.

கேள்வி: அந்த மரச் சுவர் காணாமப் போய் கிடைச்சுதுன்னு கேள்விப்பட்டேன். (வாசகி, சென்னை)

ஆமாங்க. சாப்பாட்டு மேஜையைச் சுத்தி இருந்த அந்தக் கருங்காலிச் சுவர் போர்க்காலத்துல கழட்டப்பட்டு தொலைஞ்சே போச்சுன்னு எல்லாரும் முடிவு கட்டியிருந்தாங்க. 1980கள்ல புதுசு செஞ்சு வச்சாங்க. அப்புறம் ஒரு கலை வரலாற்றாளர் தேடித் தேடி 2011ல கண்டுபிடிச்சார், எங்கன்னா, பிர்னோ மசாரிக் பல்கலைக்கழக சட்டக் கல்லூரி கேன்டீன்ல! போர்க்காலத்துல அந்தக் கட்டடம்தான் கெஸ்டப்போ ஆபீஸ். இந்தச் சுவரைக் கொண்டு போய் அங்க சுவர்ப் பலகையா அடிச்சிட்டாங்க, பல பத்து வருஷமா சட்ட மாணவர்கள் அதுக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்காங்க, யாருக்கும் தெரியாது. அந்தப் பலகைங்களைக் கழட்டி சுத்தம் பண்ணி பழைய அரைவட்டத்துல திருப்பி வச்சாச்சு. ரெண்டாவது ரிப்பேர் நடந்துக்கிட்டிருந்தப்ப கிடைச்சது பெரிய பாக்கியம்.

கேள்வி: ஒரு நாடே அந்த வீட்டுலதான் பிரிஞ்சுதாமே? (போட்டித் தேர்வு எழுதுபவர், விருதுநகர்)

அந்த நாடு செக்கோஸ்லோவாக்கியா. 1992 ஆகஸ்ட் 26, செக் பிரதமர் வாக்லாவ் க்ளவுஸும் ஸ்லோவாக் பிரதமர் விளாதிமீர் மேச்சியாரும் நாட்டைப் பிரிக்கறது பத்தி அங்க பேச்சுவார்த்தை நடத்தினாங்க, தோட்டத்து மரத்தடியில ரெண்டு பேரும் உக்காந்து பேசற போட்டோ பிரபலம். 1993 ஜனவரி 1ல செக், ஸ்லோவாக்கியா தனித்தனி நாடு. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

கேள்வி: நான் வேலைக்காக பிராக்ல இருக்கேன். ஒரு சனிக்கிழமை போய்ட்டு வந்துடலாமா? (வாசகர், செக் குடியரசு)

நினைச்ச உடனே கிளம்பிடாதீங்க. வீட்டுக்குள்ள சின்னச் சின்ன குரூப்பா வழிகாட்டியோடதான் விடுவாங்க, டிக்கெட் ரொம்ப முன்னாடியே தீர்ந்துடும், அதனால முதல்ல வில்லாவோட சொந்த வெப்சைட்ல தேதி பிடிச்சுட்டு அப்புறம் ரயில் டிக்கெட் போடுங்க. புக் பண்றப்ப கீழ்த் தளத்து மெஷின் ரூமும் சேந்த டூரான்னு பாத்துக்குங்க, அது இல்லாம போய்ட்டு வந்தா பாதி வீட்டைத்தான் பாத்திருப்பீங்க. தேதி உங்க கையில இருந்தா குளிர்காலத்துல, வெயில் தாழற நேரத்துக்கு எடுங்க, ஓனிக்ஸுக்காக. வெளிய வந்ததும் தோட்டத்துக்குக் கீழ்ப் பக்கம் இருக்கற லோவ்-பேர் வில்லாவையும் விட்டுடாதீங்க, மனை கொடுத்த அந்த அப்பாவோட வீடு, 2016ல இருந்து அதுவும் திறந்திருக்கு. பொண்ணு எந்த மாதிரி வீட்டுல வளந்து எந்த மாதிரி வீடு கேட்டாங்கன்னு அங்க போனா நல்லாப் புரியும். போய்ட்டு வந்து எழுதுங்க, அந்த வெளிச்சுவர் நிறம் நேர்ல எப்படி இருந்துச்சுன்னும் சேத்து எழுதுங்க.